நெடுஞ்சாலைத் துறையில் நமக்கென்ன இடம்?



கோவை அவினாசி ரோட்டில் கோல்டுவின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலத்தை 2025 அக்டோபர் 9-ம் தேதி திறந்து வைத்தார்கள். செலவு 1,791 கோடி ரூபாய். ஜி.டி. நாயுடு மேம்பாலம் என்று பெயர். பணியை நடத்தியது மாநில நெடுஞ்சாலைத் துறை. அன்று முதல் நம் சிவில் வகுப்பு பெஞ்சில் ஒரே பேச்சுதான். "மாப்ள, சேர்ந்தா ஹைவேஸ்லதான்டா சேரணும்!"

அந்தப் பெயர் எனக்கு ரொம்பவே பிடித்திருக்கிறது. ஜி.டி. நாயுடு பெரிய படிப்பு படித்தவர் அல்ல. 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் தோன்றக் காரணமாக இருந்தவர். பொறியியல் படிப்பை வருஷக் கணக்கில் இழுப்பது வீண், குறைந்த காலத்திலேயே தொழிலைக் கற்றுக் கொடுக்கலாம் என்று வாதாடியவர். ஆக, நம்ம கட்சி ஆள்! ஆனால் அவர் பெயர் தாங்கிய பாலத்தை நடத்திய துறையில், மூன்று வருஷ டிப்ளமோ முடித்த நமக்கு என்ன இடம் என்று விசாரித்தால் கொஞ்சம் சப்பென்று ஆகிவிடுகிறது. அந்த விசாரணையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நெடுஞ்சாலைத் துறை 1946-ல் தனித் துறையானது. இன்றைக்கு அறுபதாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலை அதன் பொறுப்பில் இருக்கிறது. உதவிப் பொறியாளர், உதவிக் கோட்டப் பொறியாளர், கோட்டப் பொறியாளர், கண்காணிப்புப் பொறியாளர், தலைமைப் பொறியாளர் என்று ஏணி மேலே போகிறது. இந்த ஏணியின் முதல் படியான உதவிப் பொறியாளருக்கு நேரடித் தேர்வு எழுத பி.இ. வேண்டும். நமக்கு நேராகத் திறந்திருக்கும் கதவு 'இளநிலை வரைதொழில் அலுவலர்'. சுருக்கமாக ஜே.டி.ஓ. அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாயில் தொடங்குகிறது. உதவிப் பொறியாளருக்கு 37,700. ஆரம்பச் சம்பளத்தில் அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் இல்லை பாருங்கள். வித்தியாசம் இருப்பது வேலையில். ஜே.டி.ஓ. பெரும்பாலும் அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடம், எஸ்டிமேட், பில் இவற்றைப் பார்ப்பவர். ரோட்டில் நின்று வேலை வாங்குவது உதவிப் பொறியாளர்.

இப்போது ஒரு கணக்கு. 2023 மார்ச்சில் டி.என்.பி.எஸ்.சி. டிப்ளமோக்காரர்களுக்கான ஒருங்கிணைந்த பொறியியல் சார்நிலைப் பணித் தேர்வை அறிவித்தது. மொத்தம் 1,083 இடம். அதில் நெடுஞ்சாலைத் துறை ஜே.டி.ஓ. 236. பொதுப்பணித் துறைக்கு வெறும் 18. ஊரக வளர்ச்சித் துறைக்கு எத்தனை தெரியுமா? 794! அதாவது நாலில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் கம்மி. அந்த 794-ம் ஊராட்சி ஒன்றியங்களைச் சேர்ந்த ஓவர்சீயர், ஜே.டி.ஓ. வேலை. இதைச் சொன்னால் வகுப்பில் முகத்தைச் சுளிக்கிறார்கள். "யூனியன் ஆபீஸா? போடா!" என்கிறார்கள். நெடுஞ்சாலை என்று கேட்டால் நமக்குப் பாலம்தான் கண்ணில் வருகிறது. நம் ஊருக்குள் போகிற மூணே முக்கால் மீட்டர் ரோடு வருவதில்லை.

என் அப்பா ரோட்டு வேலைக்குப் போகிறவர். சின்ன வயசில் ஜல்லி கொட்டி, தார்ச் சட்டி தூக்கியவர். இப்போது பேவர் மிஷினுக்குப் பின்னால் ரேக் பிடிக்கிறார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்கு சூப்பிரண்டிங் இன்ஜினியர், சீஃப் இன்ஜினியர் எல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்த ஒரே அதிகாரி ஓவர்சீயர்தான். "ஏனுங்க, ஓவர்சீயர் வர்றாருங்கோ" என்று யாராவது சத்தம் கொடுத்தால் மேஸ்திரி முதற்கொண்டு நிமிர்ந்து நிற்பார்களாம். டிப்ளமோவில் சேர்ந்த அன்றைக்கு அப்பா என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "இத முடிச்சா ஓவர்சீயர் ஆயிருவியா கண்ணு?" என்பதுதான். ஹைவேஸ் கனவில் இருந்த எனக்கு அன்று அந்தக் கேள்வி சின்னதாகப் பட்டது. இந்த 794-ஐப் பார்த்த பிறகு அப்படிப் படவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஓவர்சீயர் கையில் இருப்பது டேப்பும் எம்-புக்கும். அதாவது அளவுப் புத்தகம். போட்ட வேலையை அளந்து அதில் எழுதினால்தான் பில். மேலே இருப்பவர்கள் சரிபார்ப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள், எல்லாம் உண்மை. ஆனால் அவர்கள் சரிபார்ப்பதே முதலில் ஒருவர் எழுதியதைத்தானே! அந்த முதல் எழுத்தை எழுதுகிறவர் டிப்ளமோக்காரர்.

நம் பாடத்திலேயே உள்ள கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு வழிச் சாலை, அகலம் 3.75 மீட்டர், நீளம் 1 கிலோமீட்டர். மேல்தளம் 30 மில்லிமீட்டர் போட வேண்டிய இடத்தில் 25 மில்லிமீட்டர் போட்டால் என்ன? வெறும் 5 மில்லிமீட்டர், ஒரு நோட்டுப் புத்தகத்தின் கனம்கூட வராது. ஆனால் 3.75-ஐ 1,000-ஆல் பெருக்கி, 0.005-ஆல் பெருக்குங்கள். 18.75 கன மீட்டர் வருகிறது. தார்க் கலவை கன மீட்டருக்குச் சுமார் 2.4 டன் என்று வைத்தால் 45 டன்! ஒரு கிலோமீட்டரில் 45 டன் கலவை போடாமலே போட்டதாக எழுதிவிடலாம். நடந்து போகிறவனுக்கும் தெரியாது, பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரியாது. அடுத்த ஐப்பசி மழைக்குத்தான் தெரியும். இதைத் தடுக்க வேண்டியவர் கோர் வெட்டிப் பார்க்கத் தெரிந்த, கலவையில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்க்கத் தெரிந்த, உருட்டி முடிக்கும்போது சூடு 90 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்று சொல்லத் தெரிந்த ஒரு ஆள். இதற்கு எம்.டெக். வேண்டியதில்லை. நாம் படிக்கிற படிப்பே போதும், ஒழுங்காகப் படித்திருந்தால்.

(தார் என்று சொல்வது தப்பு, பிட்டுமன் என்று சொல்லணும் என்று எங்கள் சார் கோபித்துக்கொள்வார். அது வேறு, இது வேறு என்று எனக்கும் தெரியும் சார். ஆனால் ஊரே தார் ரோடு என்கிறதே, என்ன செய்வது!)

"அந்த வேலையில சம்பளம் எதுக்குடா, கிம்பளமே போதுமே" என்று ஒரு நண்பன் சிரித்தான். அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். ஓவர்சீயர் லஞ்சம் வாங்கிக் கைது என்று பேப்பரில் வருவது புதிதல்ல. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்த 45 டன்னில் முதலில் அடி வாங்குவது யார்? என் அப்பா மாதிரி ரோட்டுக் கூலிகளைத்தான் ஊர்க்காரர்கள் வைவார்கள். "நேத்து போட்ட ரோடு இன்னிக்குப் பேந்து போச்சு, என்னத்த வேல செஞ்சீங்க?" என்று கேட்பது ரேக் பிடித்தவரைப் பார்த்துத்தான். எம்-புக்கில் எழுதியவரை யாரும் கேட்பதில்லை. அவர் பெயரே யாருக்கும் தெரியாது. ரோட்டு வேலைக்காரன் மகன் அந்தப் புத்தகத்தைப் பிடித்தால் கொஞ்சமாவது மாறும் என்று நம்புகிறேன். மாறாது என்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

மற்ற கதவுகளையும் பார்த்துவிடுவோம். மத்திய அரசில் எஸ்.எஸ்.சி. நடத்தும் ஜூனியர் இன்ஜினியர் தேர்வு இருக்கிறது. மத்தியப் பொதுப்பணித் துறை, ராணுவப் பொறியியல் பிரிவு, 1960-ல் தொடங்கிய எல்லைச் சாலைகள் அமைப்பு எல்லாவற்றுக்கும் அதுதான் வாசல். அங்கேயும் தொடக்கம் 35,400. லடாக்கிலும் அருணாச்சலத்திலும் மலையைக் குடைந்து ரோடு போடுவது என்றால் எல்லைச் சாலைகள் அமைப்புதான். ஆனால் அங்கே டிப்ளமோவுடன் இரண்டு வருஷ அனுபவமும் கேட்கிறார்கள். ஆண்கள் மட்டும் என்று வேறு போட்டு வந்திருக்கிறார்கள்; நம் வகுப்பில் சர்வேயில் முதல் மார்க் வாங்குவது ஒரு தோழி என்பதை அவர்களிடம் யார் சொல்வது? கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வந்துகொண்டிருக்கிறது.

தேசிய நெடுஞ்சாலை ஆணையம் என்றதும் பலர் துள்ளுகிறார்கள். 1988 சட்டப்படி உருவாகி 1995-ல் செயல்படத் தொடங்கியது. அங்கே தொழில்நுட்பப் பிரிவு அதிகாரிகளை கேட் மதிப்பெண்ணை வைத்து எடுக்கிறார்கள். அது பி.இ.க்காரர்கள் விவகாரம். அந்த ரோடுகளில் நம்மவர்கள் இல்லாமல் இல்லை, நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் கான்ட்ராக்ட் கம்பெனியின் சட்டையிலோ, மேற்பார்வை பார்க்கிற கன்சல்டன்சியின் சட்டையிலோ இருப்பார்கள். நீலாம்பூரிலிருந்து மதுக்கரை வரை எல் அண்டு டி பைபாஸில் போகாத கோயமுத்தூர்க்காரர் உண்டா? சுமார் 28 கிலோமீட்டர். 1990-களின் கடைசியில் தனியார் கட்டி, சுங்கம் வசூலித்து, பிறகு ஒப்படைப்பது என்ற முறையில் வந்த முன்னோடிச் சாலைகளில் ஒன்று. அதற்குப் பிறகு சேலத்திலிருந்து வாளையார் வரை அந்த முறைதான் பரவியது. ரோடு நன்றாக வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அளக்கிற வேலை அரசாங்கத்தின் கையிலிருந்து கம்பெனி கைக்கு நகர்ந்தது. வேலை முடிந்ததும் சைட்டை மூடுவார்கள், நம் ஆளையும் அனுப்பிவிடுவார்கள். இதனால்தான் அரசுப் பணியிடங்களை நிரப்பச் சொல்லிக் கேட்பது நம் பிழைப்புக்காக மட்டும் கேட்பது அல்ல என்கிறேன்.

அரசு வேலை என்றால் இரும்புத் தூண் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2001 நவம்பரில் தமிழக அரசு புதிய ஆள் எடுப்புக்கே தடை போட்டது. 2006 பிப்ரவரியில்தான் நீங்கியது. அந்த நாலு வருஷம் டிப்ளமோ முடித்த அண்ணன்கள் எங்கே போயிருப்பார்கள்? 1997-ல் நெடுஞ்சாலைத் துறையில் வேலைக்கு எடுத்த சாலைப் பணியாளர்கள் சுமார் பத்தாயிரம் பேரை 2002 செப்டம்பரில் ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். போராட்டம், வழக்கு எல்லாம் நடந்து 2006-ல் திரும்பச் சேர்த்தார்கள். நடுவில் போன 41 மாதத்தைப் பணிக்காலமாகக் கணக்கில் எடு என்று அதற்குப் பிறகும் வருஷக் கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ரோட்டோரப் புதரை வெட்டி, குழியை மூடுகிறவர் இல்லாமல் எம்-புக் மட்டும் ரோட்டைக் காப்பாற்றுமா?

அடுத்தது நம் தலைக்கு மேலே உள்ள கூரை. இதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. ஜம்மு-காஷ்மீர் பொறியியல் பணியில் உதவிப் பொறியாளராக ஒரே வேலையைப் பார்த்தவர்களில், பட்டம் பெற்றவருக்கு மட்டும்தான் நிர்வாகப் பொறியாளர் பதவி உயர்வு, டிப்ளமோக்காரருக்கு இல்லை என்று விதி வைத்தார்கள். அந்த விதி செல்லும் என்று 1973-ல் உச்ச நீதிமன்றம் திரிலோகிநாத் கோசா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நம் ஊரிலும் உண்டு. சென்னை மாநகராட்சியில் உதவி நிர்வாகப் பொறியாளர் பதவி உயர்வை மூன்று பட்டதாரிக்கு ஒரு டிப்ளமோக்காரர் என்ற விகிதத்தில் பிரித்தார்கள். 1993-ல் முருகேசன் வழக்கில் அதையும் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. படிப்பை வைத்துத் தரம் பிரிப்பது சமத்துவத்துக்கு விரோதம் அல்ல என்பது வாதம். இருபது வருஷம் ரோட்டில் நின்றவரின் அனுபவத்துக்கு அந்தத் தராசில் எடைக்கல்லே இல்லையா என்று எனக்குத் தோன்றுகிறது. தீர்ப்பு தீர்ப்புதான். ஆனால் விதியை எழுதுவது அரசாங்கம். அரசாங்கத்திடம் கேட்பதற்குச் சங்கங்கள் இருக்கின்றன.

அது மாறும்வரை நமக்கு இருக்கிற வழி வேலையில் இருந்துகொண்டே பி.இ. முடிப்பது. இதில் கோயமுத்தூர்ப் பிள்ளைகளுக்குக் கொடுப்பினை அதிகம். ஜி.சி.டி., சி.ஐ.டி., பி.எஸ்.ஜி. டெக் என்று வேலை பார்க்கிறவர்களுக்கான பகுதிநேர பி.இ. நம் ஊரிலேயே நடந்து வந்திருக்கிறது. மற்ற மாவட்டத்துக்காரர்கள் இதற்காகவே இங்கே மாற்றல் கேட்பார்களாம். ஒரு எச்சரிக்கை: சீனியர் அண்ணன்கள் இன்னமும் "ஏ.எம்.ஐ.இ. எழுதுடா, சுலபம்" என்கிறார்கள். அது அவர்கள் காலம். 2013 மே 31-க்குப் பிறகு அதில் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய பட்டச் சமநிலை இல்லை. பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் முழிக்க வேண்டாம்.

கடைசியாக, என்னை ரொம்ப உறுத்துவது காத்திருப்பு. அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. 2023-ல் வந்தது. 2024-ல் ஐ.டி.ஐ., டிப்ளமோ இரண்டுக்கும் பொதுவான தொழில்நுட்பப் பணித் தேர்வு என்று பெயரும் உருவமும் மாறி வந்தது. நம்மில் பெரும்பாலானோர் பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. வகுப்பினர், இந்தப் பணிகள் பலவற்றுக்கு நமக்கு உச்ச வயது வரம்பு இல்லை. இதைச் சலுகை என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். சலுகைதான். ஆனால் அதுவே ஒரு பொறியும்கூட. "அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே முப்பது வயசு வரை கோச்சிங் சென்டர் வாசலில் நிற்கிற அண்ணன்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் தோட்டம் துரவு இருந்தால் காத்திருக்கலாம். தறி ஓட்டுகிற வீடும், மில்லுக்குப் போகிற வீடும், ரேக் பிடிக்கிற வீடும் எத்தனை நாள் காத்திருக்கும்? அதனால் என் கருத்து இதுதான்: முடித்த மாதமே கிடைக்கிற சைட் வேலைக்குப் போய்விட வேண்டும், சம்பளம் கம்மியானாலும் சரி. அந்த அனுபவம் எஸ்.எஸ்.சி.க்கும் உதவும். பரீட்சைக்கு ராத்திரி படிக்கலாம்.

படிக்கப் பயப்படவும் வேண்டாம். 2023 தேர்வில் பாடத்தாள் 200 கேள்வி, 300 மதிப்பெண், டிப்ளமோ தரம். அதாவது நாம் செமஸ்டருக்கு எழுதியதே. இரண்டாவது தாளில் தமிழ்த் தகுதித் தேர்வு 150-க்கு 60 எடுத்தால் போதும்; எடுக்காவிட்டால் பாடத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். பொது அறிவுக்கு 150. கவர்மென்ட் ஸ்கூலில் தமிழில் படித்துவிட்டு வந்த நமக்குத் தமிழ்த்தாள் பயமில்லை. கோட்டை விடுவது பாடத்தில்தான்! ஜெயகர் கமிட்டி 1927, நாக்பூர் திட்டம் 1943 என்று வருஷத்தை உருப்போடுகிறோம். ஒரு பழைய ரோட்டின் எஸ்டிமேட்டைக் கொடுத்துச் சரிபார் என்றால் கை நடுங்குகிறது.

ஆகவே மாணவர் பேரவைக்கு எழுத்து மூலமாகவே மூன்று கோரிக்கை வைக்கிறேன். டி.என்.பி.எஸ்.சி., எஸ்.எஸ்.சி. அறிவிப்புகளை வந்த அன்றே நோட்டீஸ் போர்டில் ஒட்ட ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள். பழைய கேள்வித்தாள்களைத் திரட்டி நூலகத்தில் வையுங்கள். ஜெராக்ஸ் செலவை ஆண்டு விழாவின் மைக் செட் செலவிலிருந்து பிடித்துக்கொள்ளலாம். மாதம் ஒரு சனிக்கிழமை, ஓய்வு பெற்ற ஓவர்சீயர் யாரையாவது அழைத்து வந்து, உண்மையான ரோட்டில் எம்-புக் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். நம் காலேஜ் பின்கேட்டில் உள்ள ரோடே போதும். அதை அளக்க டேப்பை நான் கொண்டு வருகிறேன்.